பானு ரூம் ஆஃப்

வெள்ளானூர்
11 ஆகஸ்ட் 2025

பானுவுக்கு,

அனுசுயா எழுதுகிறேன். ஆவடி ஸ்கூலில் உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். அப்புறம் நீயே கையைப் பிடித்து இழுத்துவந்து உன் அண்ணனுக்குக் கட்டிவைத்தவள். இரண்டில் எது ஞாபகம் இருக்கிறதோ அதை வைத்துக்கொள்.

பேப்பரில் எழுதுகிறாளே, இவளுக்கென்ன பைத்தியமா என்று நினைப்பாய். போனில் பேசினால் அத்தை ஓடி வந்து, "ஸ்பீக்கர்ல போடு, எம்பொண்ணு கொரல நானும் கேக்கறேன்" என்கிறார். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் மாவு ஆர்டர் பார்க்கிறேன் என்று உன் அண்ணன் என் போனைத்தான் எந்நேரமும் நோண்டிக்கொண்டிருக்கிறார். மே மாதம் லீவுக்கு வந்தபோது ஹாலில் ஒரு பேசுகிற பெட்டியை வைத்துவிட்டுப் போனாயே, அது வேறு டி.வி. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறது. பதிலை வீட்டுக்குப் போடாதே. பக்கத்துத் தெரு ரேகாவின் தையல் கடை விலாசத்தை உறைக்குப் பின்னால் எழுதியிருக்கிறேன்.

என் இடது கையில் நடுவிரலும் மோதிர விரலும் கிரைண்டர் கல்லில் மாட்டி நசுங்கிவிட்டன. தையல் போட்டிருக்கிறார்கள். மோதிர விரல் இனிமேல் முழுசாக நீளாது என்று டாக்டர் சொல்கிறார். உனக்கு இந்தச் சேதி முன்னாடியே வந்திருக்கும். "அனு சுவிட்ச ஆஃப் பண்ண மறந்துட்டு கைய வுட்டுடுச்சு" என்று அத்தை சொல்லியிருப்பார். அப்படிச் சொல்லச் சொன்னவள் நான்தான். நான் எதையும் மறக்கவில்லை. ஆன் பண்ணியது நீ.

உன் பழைய ரூமில்தான் கிரைண்டர் இருக்கிறது, தெரியும் உனக்கு. எதிர் பிளாட்டுக்காரர்களுக்கெல்லாம் இட்லி மாவு என் கையால்தான் போகிறது, அந்த அளவுக்கு அரைக்கிற கிரைண்டரை அந்தச் சின்ன சமையல்கட்டில் வைக்க முடியாது. நீ மாட்டிய ஸ்மார்ட் பிளக், வாயால் சொன்னாலும் போனில் அழுத்தினாலும் வேலை செய்யுமே, அதில் ஒன்றை எடுத்து கிரைண்டருக்குப் போட்டிருந்தேன். கை முழுக்க மாவாக இருக்கும்போது எழுந்து போய் சுவிட்சைத் தொட வேண்டாம் பார், வாயால் சொன்னால் நிற்கும். அன்றைக்கும் உளுந்து அரைத்து முடிந்ததும் ஹாலைப் பார்த்து, "பானு ரூம் ஆஃப்" என்று கத்தினேன். நின்றது. கல்லுக்கு அடியில் கையை விட்டு மாவை வழித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கல் சுற்ற ஆரம்பித்துவிட்டது. பூனாவில் உட்கார்ந்துகொண்டு நீ போனில் அழுத்தியிருக்கிறாய்.

"பானு ரூம் ஆஃப், பானு ரூம் ஆஃப்" என்று அலறினேன். "மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை" என்றது உன் பெட்டி. ஹாலிலிருந்து அத்தை கேட்டார், "இன்னா அனு, பானு போன் பண்ணுதா?" வலது கையால் எட்டி ஒயரைப் பிடித்து இழுத்துப் பிடுங்கினேன். அத்தோடு நின்றது.

உன் அண்ணனிடம் உண்மையைச் சொன்னால் பிளக்கையெல்லாம் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டு உன்னோடு பேச்சை நிறுத்திவிடுவார். அத்தை அழுவார். அப்புறம் அந்த அழுகைக்கும் நான்தான் காரணம் என்று ஆகும். அதனால்தான் பழியை என் தலையில் போட்டுக்கொண்டேன். உன் மேல் பாசத்தில் என்று தப்பாக நினைத்துக்கொள்ளாதே.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல். தெரிந்து போட்டாயா, தெரியாமல் போட்டாயா?

அனுசுயா


புனே
19 ஆகஸ்ட் 2025

அண்ணி அனுசுயா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஆவடியில் காட்டிய டாக்டர் போதாது என்றால் குமணன்சாவடிப் பக்கம் எலும்பு டாக்டர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அண்ணனை அழைத்துப்போகச் சொல்லுங்கள்.

ஆனால் நான் கிரைண்டரை ஆன் பண்ணவில்லை. என் ரூம் லைட்டை ஆன் பண்ணினேன். ஆபீஸ் முடிந்து வந்ததும் தினமும் அதைத்தான் செய்கிறேன், வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. என் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிற மேசை லைட்டுக்குத்தான் அந்த பிளக்கை என் கையால் மாட்டி, "பானு ரூம்" என்று பேர் வைத்தேன். அதைப் பிடுங்கி வேறொன்றில் போட்டது யார்?

ஒரு விஷயம் உங்களுக்குப் புரியவில்லை என்று நினைக்கிறேன். அந்தப் பேர் சுவருக்கு வைத்த பேர் இல்லை, பிளக்குக்கு வைத்த பேர். பிளக்கை எங்கே கொண்டுபோய்ச் சொருகினாலும் பேர் அதோடு கூடவே போகும். சமையல்கட்டில் சொருகினாலும் அது "பானு ரூம்"தான், மொட்டை மாடியில் சொருகினாலும் "பானு ரூம்"தான். மாற்றியபோது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் பேரை மாற்றியிருப்பேன், உங்கள் கைக்கும் இப்படி ஆகியிருக்காது.

இன்னொன்று. கரண்ட் அதிகம் இழுக்கிற சாமானை அந்த பிளக்கில் மாட்டவே கூடாது. மிக்ஸி, கிரைண்டர், அயர்ன் பாக்ஸ் எதையும் மாட்டாதீர்கள் என்று மே மாதம் ஹாலில் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னேன். அப்போது நீங்கள் சமையல்கட்டில் இருந்தீர்கள் என்று ஞாபகம். கூப்பிட்டேன், வரவில்லை.

அந்தக் கிரைண்டரில் இருக்கிற சுவிட்சை ஆஃப் பண்ணாமல் கையை விடலாமா? இது நானில்லை, யாரும் கேட்கிற கேள்வி. வாயால் சொல்லி நிறுத்தினால் பிளக்தான் நிற்கும், கிரைண்டரின் சுவிட்ச் ஆனிலேயேதான் இருக்கும். திரும்ப கரண்ட் வந்தால் ஓடத்தான் செய்யும்.

தயவுசெய்து அந்த பிளக்கை எடுத்து என் லைட்டிலேயே மாட்டிவிடுங்கள். சாயந்திரம் அந்த ரூமில் லைட் எரியவில்லை என்றால் அம்மாவுக்கு என்னவோ போல் இருக்கும்.

மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள்.

பானுப்பிரியா சரவணக்குமார்


வெள்ளானூர்
25 ஆகஸ்ட் 2025

பானுப்பிரியா சரவணக்குமார் அவர்களுக்கு,

ரேகா கடையில் ஜாக்கெட் துணிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு உன் கடிதத்தைப் படித்தேன். "அண்ணி அவர்களுக்கு", "நீங்கள்", "தயவுசெய்து". படித்து முடித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பரீட்சையில் என் பேப்பரைப் பார்த்து எழுதியவள் இன்றைக்கு எனக்கு மரியாதை கொடுக்கிறாள்.

நான் ஏன் சமையல்கட்டில் இருந்தேன் என்று சொல்லட்டுமா. நீயும் உன் வீட்டுக்காரரும் வந்திருந்தீர்கள் என்று மூன்று வேளையும் கறியும் மீனுமாகச் செய்துகொண்டிருந்தேன். நீ கூப்பிட்டாய், இல்லை என்று சொல்லவில்லை. "அண்ணி, டீ" என்றுதான் கூப்பிட்டாய். டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனேன். அப்போது நீ அத்தையிடம் உன் போனில் பிளக்கையெல்லாம் ஓட்டுகிற ஆப்பைக் காட்டிக்கொண்டிருந்தாய். இது அம்மா ஃபேன், இது உதய் சார்ஜர், இது வாசல் லைட், இது பானு ரூம் என்று. தட்டோடு நின்று பார்த்தேன். என் பேரில் ஒன்றும் இல்லை. உன் அண்ணனின் செல்போன் சார்ஜருக்கு ஒரு பேர் இருக்கிறது, எனக்கில்லை.

அது போகட்டும் என்று விட்டேன். அப்புறம் என் போனிலும் அந்த ஆப்பை ஏற்றிக்கொடுத்துவிட்டுப் போனாய். ஒரு நாள் அதைத் திறந்து பார்த்தேன். தமிழில்தான் எல்லாம் போட்டிருக்கிறது, எனக்கும் படிக்கத் தெரியும். "உரிமையாளர்: பானுப்பிரியா. உறுப்பினர்: உதயகுமார். விருந்தினர்: அனுசுயா."

விருந்தினர். இந்த வீட்டில் வாசல் பெருக்குகிறவள், அத்தைக்கு வெந்நீர் வைத்துக் கொடுக்கிறவள், மழைக்கு மொட்டை மாடித் துணியை ஓடிப்போய் எடுக்கிறவள், விருந்தினர். பூனாவில் இருந்துகொண்டு தீபாவளிக்குத் தீபாவளி வருகிறவள் உரிமையாளர். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீயே யோசித்துப் பார்.

கிரைண்டருக்கு வசதி என்று நான் எழுதியது பாதிதான் உண்மை. மீதியையும் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

தினமும் பொழுது சாயும்போது அத்தைக்கு டீ போட்டு எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வருவேன். சரியாக அந்த நேரத்துக்கு உன் ரூமில் லைட் எரியும். அத்தை முகம் மலர்ந்து, "பானு வந்துட்டா" என்பார். நான் டம்ளரோடு எதிரில் நிற்பேன், என்னைப் பார்க்க மாட்டார். அந்த மஞ்சள் வெளிச்சத்தைப் பார்ப்பார். பக்கத்து வீட்டு மங்களம் அக்கா வந்தால், "எம்பொண்ணு பூனால இருந்துகினு லைட்டு போடுது பாரு, கெட்டிக்காரி" என்பார். நாளெல்லாம் கூட இருந்து செய்கிறவளை ஒரு நாளாவது "அனு வந்துட்டா" என்று சொன்னாரா? நான் எங்கேயும் போகவில்லை, அதனால் வர முடியாது போலிருக்கிறது.

பொறுக்க முடியவில்லை எனக்கு. பொறாமைதான். நன்றாகப் பெரிய எழுத்தில் எழுதுகிறேன், பொறாமை. ஒரு நாள் போய் அந்த பிளக்கை லைட்டிலிருந்து பிடுங்கினேன். சும்மா பிடுங்கினால் கேள்வி வருமே என்று கிரைண்டருக்கு மாட்டிவிட்டேன். சாயந்திரம் லைட் எரியவில்லை. அத்தை ரொம்ப நேரம் அந்த ரூமையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது.

ஆனால் அதற்கும் எனக்குத் தண்டனை வந்து சேர்ந்தது. நான் விருந்தினர் இல்லையா, பேரை மாற்ற எனக்கு அனுமதி இல்லையாம். என் கிரைண்டரை ஓட்டவும் நிறுத்தவும் தினமும் நான் உன் பேரைச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. பானு ரூம் ஆன், பானு ரூம் ஆஃப். அந்தப் பெட்டிக்கு உன் பேர் வாயில் நுழையவில்லை. "பேனு ரூம்" என்கிறது. அந்த ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

நான் கேட்ட கேள்விக்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை. லைட்டைத்தான் போட்டேன் என்று எழுதியிருக்கிறாய். தெரிந்தா, தெரியாமலா என்றுதான் கேட்டேன்.

அனு


புனே
3 செப்டம்பர் 2025

அனு,

"நீங்கள்" எல்லாம் போய்விட்டது, பார். வெளியே பிள்ளையார் ஊர்வலத்துக்கு டோல் மேளம் அடிக்கிறார்கள், கட்டில் அதிர்கிறது. சரவணன் நைட் ஷிப்ட்டுக்குப் போயிருக்கிறார். கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன்.

தெரியும். லைட் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அந்த ஆப்பில் எந்த பிளக்கில் எவ்வளவு கரண்ட் போகிறது என்று உரிமையாளருக்குக் காட்டும். என் மேசை லைட்டுக்குக் கோடு தரையோடு தரையாகக் கிடக்கும். ஒரு நாள் பார்த்தால் கோடு மலை மாதிரி ஏறி இறங்கியிருக்கிறது. லைட்டை எடுத்துவிட்டு நீ வேறு எதையோ மாட்டியிருக்கிறாய் என்று அப்போதே தெரிந்துவிட்டது. மாட்டக் கூடாது என்று சொல்லியிருந்தேனே, அதனால் கிரைண்டர் என்று நினைக்கவில்லை. ஃபேனாக இருக்கும், இல்லாவிட்டால் அண்ணன் எதையாவது மாட்டியிருப்பார் என்று நினைத்தேன். உன் கை அதற்குள் இருக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை, அது சத்தியம். ஆனால் என் லைட்டைப் பிடுங்கிவிட்டாள் என்று தெரிந்தும் தினமும் அதே நேரத்துக்கு அழுத்தினேன். பல நாள் அது ஏற்கெனவே ஆனில் இருக்கும், அப்போதும் விடாமல் அழுத்துவேன். என் ரூமில் என்ன ஓடுகிறதோ அது என் கையால் ஓடட்டும் என்று. கோபத்தில்தான் அழுத்தினேன். நேராகப் பதில் சொல் என்றாய், சொல்லிவிட்டேன்.

ஏன் கோபம் என்று கேட்பாய். உனக்கு மட்டும்தான் பொறாமை வரும் என்று நினைத்துக்கொண்டாயா?

அம்மாவுக்கு நான் தினமும் போன் பண்ணுகிறேன். சாப்பிட்டியா என்று ஒரு கேள்வி, அதற்கு மேல் எல்லாம் நீதான். "அனு இன்னிக்கு கம்பு தோச மாவு போட்டுச்சு, பிளாட்டுக்காரங்க அடிச்சிகினு வாங்குறாங்க." "அனு எனக்கு காலு புடிச்சு வுட்டுச்சு." "அனு சொல்லுது, நான் டாக்டராண்ட போணுமாம்." கல்யாணத்துக்கு முன்னால் அம்மா என்னைப் பற்றி யாரிடமும் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. கம்பெனி கேன்டீனில் வேலை செய்துவிட்டு வந்து அம்மா கால் வீங்கி உட்கார்ந்திருப்பாளே, அப்போது பிடித்துவிட எனக்குத் தோன்றவே இல்லை. உனக்குத் தோன்றுகிறது. அதுவும் எனக்குக் குத்துகிறது.

மே மாதம் ஆசையாக என் ரூமுக்குள் போனேன். என் கட்டிலைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்துவிட்டு அரிசி டிரம் வைத்திருந்தாய். என் அலமாரியில் உளுந்து. நான் போஸ்டர் ஒட்டிய இடத்தில் ஆர்டர் எழுதிய அட்டை. ரூம் முழுக்கப் புளித்த வாசனை. மேசை லைட் மட்டும் மூலையில் துணி மூடிக் கிடந்தது. அதை எடுத்துத் துடைத்து, கட்டிலை இழுத்துப் போட்டு, பிளக்கை மாட்டி, பானு ரூம் என்று பேர் வைத்தேன். அந்த வீட்டில் இனிமேல் நான் தொடக்கூடியது அது ஒன்றுதான். டைம் செட் பண்ணிவிட்டால் தானாகவே எரியும், அதைக்கூட நான் செய்யவில்லை. நானே அழுத்த வேண்டும் என்று வைத்திருந்தேன்.

விருந்தினர் என்று போட்டது உன்னைக் குத்துவதற்காக இல்லை என்று எழுத உட்கார்ந்தேன். யோசித்துப் பார்த்தால் அதுவும் பொய். உறுப்பினர் என்று ஒன்று இருந்தது. அண்ணனுக்கு அதைப் போட்டேன். உனக்கு வந்தபோது விரல் கீழே நகர்ந்தது. அந்த வீட்டில் எல்லாம் உன்னுடையதாகிவிட்டது, இதிலாவது நீ விருந்தாளியாக இரு என்று தோன்றியது. என்னைத்தானே எல்லோரும் விருந்தாளி மாதிரி நடத்துகிறீர்கள். போனால் பாயைக்கூட எடுக்க விட மாட்டாய், "நீ ஒக்காரு பானு, நான் பாத்துக்கறேன்" என்பாய். எனக்கு அது எப்படி இருக்கும் என்று நீயும் யோசித்துப் பார்.

உன் விரல் நீளாது என்று எழுதியிருந்தாய். அந்த வரியை மட்டும் என்னால் மறுபடி படிக்க முடியவில்லை.

இன்றைக்கு அந்த ஆப்பில் உன்னை உரிமையாளர் ஆக்கிவிட்டு நான் வெளியே வந்துவிட்டேன். என் போனில் இப்போது உங்கள் வீடு இல்லை. உனக்கு ஒரு சேதி வந்திருக்கும், திறந்து பார். என்னைச் சேர்ப்பதும் சேர்க்காததும் உன் இஷ்டம்.

பானு


வெள்ளானூர்
15 செப்டம்பர் 2025

பானு,

தையல் பிரித்துவிட்டார்கள். மோதிர விரல் கொக்கி மாதிரி வளைந்து நிற்கிறது. மோதிரத்தைக் கழற்றி வலது கைக்கு மாற்றிக்கொண்டேன். மாவு இன்னும் ஆரம்பிக்கவில்லை, பிளாட்டுக்காரர்கள் வாசலுக்கே வந்து கேட்கிறார்கள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்த அன்று உன்னைக் கொன்றுவிடலாம் போல இருந்தது. தெரியும் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வார்த்தையை விரலால் தேய்த்தேன், அழியவில்லை. அதே வேகத்தில் உன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தேன். திருமழிசையில் அவர் வேலை செய்கிற கம்பெனி வாசலிலேயே போய் நின்று சொல்லிவிடலாம் என்று பஸ் ஸ்டாப் வரை நடந்தேன். பஸ் வந்தது, நான் ஏறவில்லை. சொன்னால் நான் பிளக்கை ஏன் பிடுங்கினேன் என்பதையும் சொல்ல வேண்டுமே. வீட்டுக்கே திரும்பி வந்து சோறு வடித்தேன்.

"நீங்கள் இப்போது உரிமையாளர்" என்று சேதி வந்தது. திறந்து பார்த்தேன். முதல் வேலையாக "பானு ரூம்" என்பதை அழித்துவிட்டு "அனு ரூம்" என்று போட்டேன். ஆனால் அந்த பிளக்கை நான் இனிமேல் எதிலும் சொருகப்போவதில்லை, அதைப் பார்த்தாலே கை வலிக்கிறது. பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துவிட்டேன். கடைசியில் எனக்கென்று ஒரு பேர் கிடைத்தது, அது பீரோவுக்குள் இருக்கிறது.

அப்புறம் உன்னைச் சேர்க்கலாம் என்று அழுத்தினேன். உறுப்பினரா, விருந்தினரா என்று என்னையும் கேட்டது. உன்னை விருந்தினர் என்றுதான் போட்டேன். நன்றாக இருந்தது. துணி துவைக்கும்போதெல்லாம் நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டேன். நாளைக்கு மாற்றிவிடலாம், நாளைக்கு மாற்றிவிடலாம் என்று இன்னும் மாற்றாமல் வைத்திருக்கிறேன். வேண்டுமானால் கோபித்துக்கொள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, அதனால் கடைசியில் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று சாயந்திரமும் உன் ரூமில் லைட் எரியவில்லை. மறுநாளும் இல்லை. அத்தை டீயை வாங்கிக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆறிப்போன டீயைக் கொண்டுபோய்க் கொட்டினேன். முன்பு அதே ஹாலில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தபோது ஜெயித்த மாதிரி இருந்தது என்று உனக்கு எழுதினேன். இந்தத் தடவை அப்படி இல்லை.

அதற்கு மறுநாளிலிருந்து பொழுது சாயும்போது நான் பின்பக்கமாகச் சத்தமில்லாமல் போய் அந்த லைட்டைச் சுவர் சுவிட்சில் போட்டுவிட்டு வந்து கதவுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். "பானு வந்துட்டா" என்கிறார். டீயையும் குடித்துவிடுகிறார். தினமும் உன் பேரைக் கேட்டு எனக்கு எரிகிறது. ஆனாலும் மறுநாள் போய்ப் போடுகிறேன். நீ கோபத்தில் அழுத்தினாய், நான் எதற்குப் போடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

அத்தையிடம் இதைச் சொல்லிவிடாதே. நீ போடுகிறாய் என்றே இருக்கட்டும்.

அனு


புனே
24 செப்டம்பர் 2025

அனு,

நான் இன்னும் விருந்தினர்தான், பார்த்தேன். வாசல் லைட்டை மட்டும் தொட விட்டிருக்கிறாய், மற்றதெல்லாம் சாம்பல் நிறத்தில் இருக்கிறது. உன்னால் எப்போது முடிகிறதோ அப்போது மாற்று. மாற்றாவிட்டாலும் பரவாயில்லை என்று எழுத எனக்கு மனசு வரவில்லை, அதனால் எழுதவில்லை.

உன் கடிதம் வந்த அன்றைக்கே அம்மாவுக்குப் போன் போட்டேன். சொல்லாதே என்று எழுதியிருந்தாய், நான் சொல்லவில்லை. "என் ரூம் லைட்டு தெனமும் சரியா எரியுதாம்மா?" என்று மட்டும் கேட்டேன். நான்தான் போடுகிறேன் என்று அம்மா வாயால் ஒரு தடவை கேட்டுக்கொள்ளலாம் என்று ஆசை, வேறொன்றுமில்லை.

அம்மா சிரித்தாள். "நீ எங்க போடுற? அனு இல்ல போடுது" என்றாள்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"வளையல் சத்தம் கேக்காதா எனக்கு? காது இன்னா செவுடா பூடுச்சா? ஒரு கையில துணி சுத்திகினு, பூன மாரி பின்பக்கமா போய் டொக்குனு போட்டுட்டு வந்து நிக்குது."

"தெரிஞ்சிகினுமா 'பானு வந்துட்டா'ன்னு சொல்றே?"

"நீ போட்டப்போ சொன்னேன், அது ஒன்ன. இப்ப சொல்றது அனுவ. கதவாண்ட நின்னுகினு நான் சொல்றனா இல்லியான்னு பாக்குது. சொன்னாத்தான் அதுக்கு மூஞ்சி தெளியுது, அப்பால போய் வேலய பாக்குது. அனு வந்துட்டான்னு சொன்னா, கண்டுக்கினாங்களேன்னு வெக்கப்பட்டுகினு நாளிலர்ந்து போடாம வுட்டுடும். அதான் ஒன் பேர சொல்லி அத கூப்புட்டுகினு கீறேன். நீ ஒண்ணும் நெனச்சிக்காத கண்ணு."

ஆபீஸ் கால் வந்திருக்கிறது என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன்.

நீ ஆசைப்பட்டது இத்தனை நாளாக உனக்குக் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. என் பேரில் கிடைக்கிறது, அவ்வளவுதான். எனக்கு அந்த வீட்டில் மீதி இருந்தது அந்தப் பேர் ஒன்று, அதையும் அம்மா எடுத்து உனக்குக் கொடுத்துவிட்டாள். அந்த பிளக் பீரோவிலேயே இருக்கட்டும், இனி அதற்கு என்ன பேர் வைத்தாலும் நான் கேட்க மாட்டேன்.

தீபாவளிக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். கட்டிலை இழுத்துப் போட வேண்டாம், டிரம் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொள்கிறேன். பாயை நானே எடுத்துக்கொள்கிறேன். முதல் ஈடு மாவு அரைக்கும்போது நான் வழிக்கிறேன், நீ சுவிட்ச் பக்கத்தில் நில். கையை உள்ளே விடுவதற்கு முன் கிரைண்டர் ஒயரைப் பிடுங்கி என் கையில் கொடு. உன் விரலைப் பார்க்கப் பயமாக இருக்கிறது, இருந்தாலும் பார்க்க வேண்டும்.

அதுவரைக்கும் பொழுது சாயும்போது அம்மா உன்னைப் பார்த்து "பானு வந்துட்டா" என்று சொல்லுவாள். பூனாவில் அந்த நேரத்துக்கு நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். எனக்கு வயிறு எரியும் அனு. எரிந்துவிட்டுப் போகட்டும், நீ லைட்டை மட்டும் போடாமல் இருந்துவிடாதே.

பானு